ஐம்பது மீட்டர் உள்ளே

நவம்பர் 9, ஞாயிறு

இது தரவு நோட்டு அல்ல. தரவு நோட்டுக்குப் பச்சை அட்டை. அதில் தேதி, நேரம், வெப்பநிலை, எண்கள் மட்டும். இது அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் வாங்கிய நோட்டு. திட்டுவதற்கு வைத்திருக்கிறேன். ஐந்து வருஷமாக ஆராய்ச்சி செய்கிறவளுக்குத் திட்ட ஓர் இடம் வேண்டும்.

இன்று முழுக்கப் புழு செய்தேன். குழந்தைகள் விளையாடும் பச்சைக் களிமண்ணை உருட்டி, மூன்று சென்டிமீட்டருக்கு நறுக்கி, லேசாக வளைத்தால் புழு. வால்பாறையில் மழை கொட்டுகிறது. எஸ்டேட் தொழிலாளர் லைன் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து முப்பத்தோரு வயதுப் பெண் ஒருத்தி நூறு களிமண் புழு உருட்டியிருக்கிறாள். அம்மா போன் செய்து என்ன பண்ணுகிறாய் என்றாள். சப்பாத்தி என்றேன்.

விஷயம் இதுதான். வெப்பக் காடுகளில் ஏன் இத்தனை வகை உயிர்கள், குளிர்நாட்டுக் காடுகளில் ஏன் இத்தனை குறைவு? பல பதில்கள் உண்டு. ஒன்று: வெப்பக் காட்டில் ஒன்றையொன்று தின்பது அதிகம், எதுவும் தலைகால் தெரியாமல் பெருக முடியாது, அதனால் எல்லாவற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சம் இடம் கிடைக்கிறது. இது உண்மையா என்று பார்க்க ஒரே மாதிரிப் பொய்ப்புழுவை இரண்டு காட்டிலும் இலைகளில் ஒட்டி வைத்து, இரண்டு நாள் கழித்து எத்தனையில் கடித்த தடம் இருக்கிறது என்று எண்ண வேண்டும். பின்லாந்தில் ஐனோ என்ற பெண் போன கோடையிலேயே முடித்துவிட்டாள். நூற்றுக்கு ஆறு. என் காட்டில் எத்தனை என்பதுதான் என் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம். மார்ச் 31-ஆம் தேதி உதவித்தொகை நிற்கிறது. மூன்றாம் அத்தியாயம் இல்லாவிட்டால் பட்டமும் இல்லை.

நவம்பர் 12, புதன்

விதிமுறைப் புத்தகம் பின்லாந்தில் எழுதியது. முதல் விதி: நூறு புழுவையும் ஒரே வகைச் செடியில் ஒட்டவும்.

ஐனோவுக்கு என்ன, கதவைத் திறந்தால் பிர்ச் மரம். அவள் காட்டில் மொத்தமே நாலு வகை மரம். நூறு பிர்ச்சை ஒரு காலைப்பொழுதில் எண்ணிவிட்டாளாம். எனக்கு வாய்த்தது இரண்டு தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவில் வெட்டாமல் விட்டுவைத்த நாற்பது ஏக்கர் மழைக்காடு. அதன் பாதை வழியே மூன்று நாள் அலைந்து ஒரே வகையில் பதினேழு செடிதான் கிடைத்தது. பதினெட்டாவது கிடைக்க இன்னொரு மலைக்குப் போகணும் போலிருக்கிறது. எதை எடுத்தாலும் ஒன்று, இரண்டு, அப்புறம் வேறு.

வீடியோ அழைப்பில் ஐனோவிடம் சொன்னேன். "மங்கா, இன்னும் கொஞ்சம் தேடிப் பாரேன்" என்றாள். மங்கையர்க்கரசி என்பது அவள் வாயில் மங்கா ஆகிவிட்டது. கடைசியில் தணிகாசலம் சார், என் வழிகாட்டி, கோவையிலிருந்து தீர்ப்பு சொன்னார்: "கிடைச்ச செடியில ஒட்டும்மா." கிடைத்த நூறு செடியில் முப்பத்தேழு வகை. அதில் பதினொன்றின் பெயர் எனக்குத் தெரியாது. அட்டவணையில் பெயருக்கு ஒரு கட்டம் இருக்கிறது, நிரப்பாவிட்டால் சிவப்பாகிறது. பக்கம் முழுக்கச் சிவப்பு.

நவம்பர் 14, வெள்ளி

இரண்டாம் விதி: பாதையிலிருந்து ஐம்பது மீட்டர் உள்ளே.

போனேன். இருபது மீட்டரில் இரண்டு சாக்ஸிலும் சேர்த்துப் பதினான்கு அட்டை. முப்பதாவது மீட்டரில் யானைச் சாணம், புதுசு. பின்லாந்துக் காட்டில் ஐம்பது மீட்டர் என்பது நடை; இங்கே அது வேறு.

இடம் தேர்வாகிவிட்டது. நல்ல வெளிச்சம், வந்துபோக வசதி. நூறு செடிக்கும் சிவப்பு நாடா கட்டி எண் தகடு மாட்டினேன்.

நாடா கட்டும்போது கொழுந்து பறிக்கும் பெண்கள் இருபது பேர் கூடையோடு வந்தார்கள். லைனிலிருந்து மேல் தோட்டத்துக்கு இந்தக் காட்டு வழிதான் குறுக்குப் பாதை. என்ன சத்தம்! சந்தைக்கடை தோற்றது. பறவை ஒன்று மிச்சமிருக்காது. என் அடுத்த வீட்டு சவரியம்மாக்காவும் அதில் இருந்தாள்.

"என்ன மேடம் பண்றீங்க?"

"ஆராய்ச்சி."

"செடியா?"

"ஆமாக்கா, ஆராய்ச்சி" என்றேன். மழை பிடிப்பதற்குள் இன்னும் அறுபது செடி இருந்தது.

நவம்பர் 17, திங்கள்

அதிகாலையிலேயே நூறு புழுவும் ஒட்டியாயிற்று. ஃபெவிக்விக் விரலில் ஒட்டித் தோல் உரிந்தது. ரசம் பிசைந்து சாப்பிட எரிகிறது.

நவம்பர் 19, புதன்

எழுபத்தொன்று! நூற்றுக்கு எழுபத்தொன்று!

இரண்டு முறை எண்ணினேன். ஒவ்வொன்றிலும் நடு உடம்பில் இரண்டு பக்கமும் எதிரெதிராகப் பிறை மாதிரித் தடம். நன்றாக அழுத்தி, சிலது இரண்டு துண்டாகவே ஆகிவிட்டது. பறவை அலகு, சந்தேகமில்லை. தின்றுபார்த்து ஏமாந்து விட்டிருக்கிறது. ஆறுக்கு எழுபத்தொன்று. சாருக்குப் போன் செய்தபோது என் குரல் கிறீச்சென்று வந்தது.

"மங்கை, இது அத்தியாயம் இல்லம்மா. இது ஜர்னல் பேப்பர்" என்றார் சார்.

நவம்பர் 20, வியாழன்

நான் அனுப்பிய புழுப் படங்களை ஐனோ பெரிதாக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: இவ்வளவு அகலமான, உருண்டையான அலகு எந்தப் பறவைக்கு? குக்குறுவானாக இருக்கலாம் என்றேன். அது பழம் தின்பது அல்லவா என்றாள். குஞ்சுக்குப் புழு கொண்டுபோகும் என்றேன். பின்லாந்தில் உட்கார்ந்துகொண்டு எனக்குக் குக்குறுவான் பாடம் எடுக்கிறாள்.

இன்னொன்றும் கேட்டாள். அங்கங்கே ஊசி குத்தின மாதிரிப் புள்ளிகள் தெரிகிறதே, அவை என்ன? தூசி என்றேன். அவள் தன் நூறு புழுவையும் லென்ஸ் வைத்துப் பார்த்தாளாம். எனக்கு எழுபத்தொன்று இருக்கும்போது லென்ஸ் எதற்கு?

நவம்பர் 22, சனி

இரண்டாம் சுற்று. பகலெல்லாம் மழை, சாயங்காலம் பெண்கள் திரும்பிப் போன பிறகுதான் விட்டது. இருட்டுவதற்குள் ஒட்டி முடித்தேன்.

நவம்பர் 24, திங்கள்

விடிந்ததும் போய் எடுத்துவந்தேன். ஐந்து.

ஐந்து! அதே செடி, அதே புழு, அதே களிமண். நான் என்ன பாவம் செய்தேன்?

நவம்பர் 28, வெள்ளி

புதன் காலை ஒட்டியதை இன்று எடுத்தேன். எழுபத்துநான்கு. அப்படியானால் போன சுற்றுதான் கோளாறு. சனிக்கிழமை மழை காரணமாக இருக்கலாம். நிலவு? வளர்பிறையா தேய்பிறையா என்று காலண்டரைப் பார்த்தேன். ஐந்து வருஷ ஆராய்ச்சி கடைசியில் தினசரிக் காலண்டரில் வந்து நிற்கிறது.

டிசம்பர் 1, திங்கள்

குழாயில் தண்ணீர் இல்லை. சவரியம்மாக்கா இரண்டு குடம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். நான் கேட்கவில்லை.

டிசம்பர் 5, வெள்ளி

எஸ்டேட்டில் வேலைநிறுத்தம், செவ்வாயிலிருந்து. காலையில் சங்கு ஊதவில்லை. பாதையில் கூச்சலும் இல்லை. இப்படிப்பட்ட அமைதியில் பறவைகள் தைரியமாக வரும், எண்பது தாண்டும் என்று நம்பிப் புதன் காலை நாலாம் சுற்று ஒட்டினேன்.

நாலு.

பறவைகளும் வேலைநிறுத்தம் போல. களிமண் டப்பாவைச் சுவரில் எறிந்தேன். பிறகு நானே கூட்டி அள்ளினேன்.

டிசம்பர் 8, திங்கள்

சாரிடம் நாலு சுற்றையும் சொன்னேன். 71, 5, 74, 4.

"ரெண்டாவது சுற்று மழைதானே?"

"முதல் நாள் மழை சார்."

"நாலாவது?"

"பனி சார். காலையில கொஞ்சம்."

"அப்ப ரெண்டும் வானிலை கெட்ட சுற்றும்மா. அதைத் தனியா வச்சிடு. நல்ல வானிலைச் சுற்று மட்டும் கணக்குல எடுத்துக்கலாம்."

இரண்டு சுற்றின் புழுக்களையும் பையில் போட்டு 'மோசமான வானிலை' என்று எழுதிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். நவம்பர் 28 அன்றும் பனி இருந்தது. அதைச் சார் கேட்கவில்லை.

டிசம்பர் 17, புதன்

வேலைநிறுத்தம் முடிந்துவிட்டது. ஐந்தாம் சுற்று: அறுபத்தொன்பது. என் பறவைகள் திரும்பிவிட்டன. மூன்று நல்ல சுற்றின் சராசரி எழுபத்தொன்றே கால் பக்கம்.

டிசம்பர் 25, வியாழன்

சவரியம்மாக்கா வீட்டில் கிறிஸ்துமஸ். கேக்கும் பிரியாணியும் வந்தன. வாசலில் நின்றே கேட்டாள்.

"ரொம்ப இளைச்சிட்டீங்க மேடம். செடியப் பத்திதான் கவலையா?"

"ஆமாக்கா."

"கவலைப்படாதீங்க. நாங்க இருக்கோம்ல, பாத்துக்கறோம்."

நல்ல மனசு. எதைப் பார்த்துக்கொள்வார்கள், பாவம். சிரித்துவிட்டுக் கதவைச் சாத்தினேன். பிரியாணி அருமை.

ஜனவரி 2, வெள்ளி

ஐனோவின் பேராசிரியர் பிப்ரவரி மாநாட்டில் காட்டப்போகும் வரைபடத்தை அனுப்பியிருக்கிறார். இடது பக்கம் பின்லாந்து, சின்னக் குச்சி, 6. வலது பக்கம் ஆனைமலை, பக்கத்தைத் தாண்டும் குச்சி, 71.3. கீழே என் பெயர், எழுத்துப்பிழை இல்லாமல். ஒரு மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வேண்டுகோளும் வைத்திருக்கிறார்: அந்தப் பறவை புழுவைக் கொத்தும் ஒரு புகைப்படம் கிடைக்குமா?

ஜனவரி 5, திங்கள்

சிங்கவால் குரங்கு ஆராயும் நண்பரிடம் தானியங்கி கேமரா ஒன்றை இரவல் வாங்கி, பதினெட்டாம் செடியில் புதுப் புழு ஒட்டி அதற்கு எதிரே கட்டினேன். எதிரில் ஏதாவது அசைந்தால் படம் எடுக்கும். குக்குறுவானே, வா.

ஜனவரி 7, புதன்

படம் வந்துவிட்டது.

ஜனவரி 8, வியாழன்

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை.

முதல் எட்டுப் படம் பனி. ஒன்பதாவதில் மலை அணிலின் வால். பத்தாவது, செவ்வாய் காலை 7.21: ஒரு கை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும், ஓரமெல்லாம் தேயிலைக் கறை பிடித்துக் கறுத்தவை, என் புழுவின் நடுவில். பதினொன்று: அதே கை நசுக்குகிறது. பன்னிரண்டு: கை இல்லை, இலை மட்டும் ஆடுகிறது. புதன் காலை 7.19: வேறொரு கை, கண்ணாடி வளையலோடு.

பிறை மாதிரித் தடம் என்று எழுதியிருந்தேனே. என் நகத்தை ஒரு புழுவில் அழுத்திப் பார்த்தேன். பிறை.

ஞாயிற்றுக்கிழமை லீவு. வேலைநிறுத்தத்தில் யாரும் வரவில்லை. சனி சாயங்காலம் ஒட்டித் திங்கள் விடியலில் எடுத்தால் ஐந்து. எல்லாம் இந்த நோட்டிலேயே இருக்கிறது, என் கையெழுத்தில். நிலவைப் பார்த்தேனே தவிர, கிழமையைப் பார்க்கவில்லை.

நேற்றுச் சாயங்காலம் பெண்கள் கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு லைனுக்குத் திரும்பும் நேரம், போனைத் தூக்கிக்கொண்டு வாசலில் போய் நின்றேன்.

"இது யாரு கை?"

சவரியம்மாக்கா கூடையை இறக்கிவிட்டுப் படத்தை உற்றுப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"நம்ம கைதான் மேடம். படம் புடிச்சிருக்கீங்களா?"

"ஏன்க்கா நசுக்குனீங்க? யாரு உங்களைத் தொடச் சொன்னா?"

"புழுல்ல மேடம். உங்க செடி பூரா புழு. நாடா கட்டின செடியில மட்டும் செடிக்கு ஒண்ணு. கொழுந்துல புழுவப் பாத்தா நசுக்கிட்டுத்தான் அடுத்த கொத்துக்குப் போகணும், இருபத்திரெண்டு வருசமா அதான் பழக்கம். நீங்க வேற அதுங்க முன்னாடி தலையில கைய வச்சுக்கிட்டு உக்காந்திருப்பீங்களா, பாக்கவே சங்கடமா இருக்கும். சரி, தாயி தனியாக் கிடந்து பாடுபடுது, போற வழிதானே, ஆளுக்கு அஞ்சு செடி பாத்துக்குவோம்னு பேசிக்கிட்டோம்."

"அது களிமண்ணுக்கா! புழுவே இல்ல!"

"அதானே பாத்தேன்! சாறே வரல. மருந்தடிச்சு மரத்துப்போன புழுன்னு நெனச்சோம்" என்றாள் பின்னால் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கத்தினேன். என் இரண்டு மாச உழைப்பைப் பாழாக்கிவிட்டீர்கள், என் படிப்பு போச்சு, உங்களுக்கு அறிவில்லையா என்றேன். அறிவில்லையா என்றுதான் சொன்னேன். எழுதுவதற்கே கூசுகிறது, ஆனால் சொன்னேன்.

சிரிப்பு நின்றது. சவரியம்மாக்கா கூடையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள்.

"கேட்டோமே மேடம், என்ன பண்றீங்கன்னு. ஆராய்ச்சின்னு மட்டும்தானே சொன்னீங்க."

இன்று காலை குழாயில் தண்ணீர் இல்லை. வாசலில் குடமும் இல்லை.

ஜனவரி 9, வெள்ளி

கோபம் இன்னும் போகவில்லை. எஸ்டேட் மேனேஜருக்குக் கடிதம் எழுதினேன். ஆராய்ச்சிக்கு இடையூறாக இருப்பதால் தொழிலாளர்கள் காட்டுப் பாதையைப் பயன்படுத்துவதை ஆறு வாரம் தடை செய்யவும். அவர் உடனே செய்வார். அனுமதி கொடுத்த அன்றே சொன்னார், ஆட்கள் தொந்தரவு இருந்தால் ஒரு வரி எழுதுங்கள், சங்கிலி போட்டுவிடலாம் என்று. குறுக்குப் பாதை பதினைந்து நிமிஷம். சாலை வழியாகப் போனால் முக்கால் மணி நேரம். இருபது பெண்கள், கூடையோடு, போக வர.

கடிதத்தில் ஒரு வரியில் மாட்டிக்கொண்டேன். 'ஆய்வுக்கான செடிகள் பாதையிலிருந்து' என்று எழுதிவிட்டு எண் போட வேண்டும். தரவு நோட்டில் ஐம்பது மீட்டர் என்று நூறு கட்டத்திலும் எழுதியிருக்கிறேன்.

முந்தாநாள் முழுக்க அந்தக் கை யாருடையது என்று கேட்டுக்கொண்டிருந்தேன். கை நீட்டினால் எட்டும் தூரத்தில் புழுவை வைத்தது யார் என்று கேட்கவில்லை.

மூன்று மீட்டர். சில செடி இரண்டு. நவம்பர் 14 அன்று அட்டைக்கும் யானைக்கும் பயந்து திரும்பி வந்து, பாதை ஓரத்திலேயே நாடா கட்டினேன். ஐம்பது என்று எழுதியது பேனா அல்ல, நான். இந்த நோட்டில்கூட 'இடம் தேர்வாகிவிட்டது' என்றுதான் எழுதியிருக்கிறேன். திட்டுவதற்கென்று வாங்கிய நோட்டிலேயே என்னை விட்டுவிட்டு எல்லோரையும் திட்டியிருக்கிறேன்.

கடிதத்தைக் கிழித்துவிட்டேன்.

ஜனவரி 10, சனி

சாரிடம் சொல்லிவிட்டேன். மூன்று மீட்டரையும், கைகளையும்.

முதலில் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் என் பெயரைக்கூடச் சொல்லவில்லை.

"பின்லாந்துக்காரர் பிப்ரவரி பன்னிரண்டு மேடையேறப் போறார். எழுபத்தொண்ணுன்னு சொல்லப் போறார். உனக்குத் தெரியுமா அது என்னன்னு?"

"தெரியும் சார்."

"யாருக்கும் தெரியாதேம்மா, நீ சொல்லலேன்னா."

திட்டுகிறாரா, வழி காட்டுகிறாரா என்று எனக்கு விளங்கவில்லை. அவருக்கும் விளங்கவில்லை என்று நினைக்கிறேன். நான் சொன்னேன்: "வானிலை கெட்ட சுற்றுன்னு எடுத்துவச்சோமே சார், அந்த ரெண்டு சுற்றுதான் சார் நிஜம்." அவர் போனை வைத்துவிட்டார்.

ராத்திரி எட்டு மணிக்கு அவரே அழைத்தார். "ஐனோவுக்கு நான் எழுதிட்டேன். மொத்தத்தையும். வானிலைச் சுற்று என் யோசனைன்னும் எழுதிட்டேன்" என்றார். பிறகு, "மார்ச் வரைக்கும் இருக்கு. உள்ள போ" என்றார். அவருடைய குரல் இவ்வளவு களைத்துப் போயிருந்ததை நான் கேட்டதில்லை.

ஜனவரி 11, ஞாயிறு

கட்டிலுக்கு அடியிலிருந்து 'மோசமான வானிலை' பையை எடுத்து, முதல் தடவையாக லென்ஸ் வைத்துப் பார்த்தேன். தூசி என்று சொன்னேனே, அவை தூசி அல்ல. எறும்புக் கடி. வரிசை வரிசையாகச் சின்னச் சின்னக் குத்துகள். இரண்டாம் சுற்றில் பதினெட்டுப் புழுவில், நாலாம் சுற்றில் இருபத்தொன்றில். மேலே பெரிய அலகைத் தேடிக்கொண்டு கீழே ஊர்ந்ததை விட்டுவிட்டேன். பாதை ஓரம் என்பதால் இதையும் கணக்கில் சேர்க்க முடியாது.

சாயங்காலம் சவரியம்மாக்கா வீட்டுக்குப் போனேன். கதவு திறந்தேதான் இருந்தது. வாசலில் நின்றேன்.

"அக்கா, அன்னைக்கு அப்படிப் பேசினது தப்பு. மன்னிச்சுக்கங்க."

"நாலு பேரு முன்னாடி பேசினீங்க மேடம்."

"நாலு பேரு முன்னாடியே சொல்றேன்."

"வேணாம், வேணாம். உள்ள வாங்க" என்றாள். கொஞ்சம் விறைப்பாகத்தான்.

பாலில்லாத கட்டன் சாயா கொடுத்தாள். களிமண்ணை எடுத்து வைத்து முதலிலிருந்து சொன்னேன், புழு எதற்கு, பின்லாந்து எங்கே, அங்கே வருஷத்தில் எத்தனை மாசம் பனி, ஏன் எண்ணுகிறோம் என்று. பக்கத்து வீடுகளிலிருந்தும் வந்து உட்கார்ந்தார்கள். மூன்று மீட்டரையும் சொன்னேன். சவரியம்மாக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டாள்.

"அந்த ஊர்ல நூத்துக்கு ஆறுதானா?"

"ஆமாக்கா."

"அங்க கொழுந்து பறிக்கிற பொம்பளைங்க இல்லையாக்கும்."

வீடே அதிர்ந்தது. இந்தத் தடவை நானும் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்ததற்குக் காரணம் சிரிப்பு மட்டும் அல்ல.

கிளம்பும்போது, "உள்ளேயா போகப் போறீங்க?" என்றாள். ஆமாம் என்றேன். "நாங்க அந்த வழியில ஏன் கத்திக்கிட்டே போறோம்னு நெனச்சீங்க? ஆனைக்குத்தான். சத்தம் கேட்டா அது பாட்டுக்கு ஒதுங்கிக்கும். நீங்க என்னடான்னா சத்தமே போடாம நிக்கிறீங்க."

ஜனவரி 13, செவ்வாய்

ஐனோவிடமிருந்து மின்னஞ்சல். பேராசிரியர் வலது பக்கக் குச்சியை எடுத்துவிட்டார். இடது பக்கம் ஆறு மட்டும் தனியாக நிற்கிறது. என் பெயரும் போய்விட்டது. கடைசியில் ஒரு வரி: 'மங்கா, நீ சொன்னது நல்லது. நானும் உன் காட்டுக்கு வந்திருந்தால் இருபது மீட்டரில் திரும்பியிருப்பேன்.'

திரும்பியிருப்பாள்தான். ஆனால் ஐம்பது என்று எழுதியிருக்க மாட்டாள்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன், சப்பாத்தி இல்லை, புழு என்று. "அதுக்கா அஞ்சு வருசம்?" என்றாள்.

ஜனவரி 20, செவ்வாய்

ஐம்பது மீட்டர் நைலான் கயிறு வாங்கி, ஒரு முனையைப் பாதையோர மரத்தில் கட்டி, மறுமுனை இழுபடும் வரை நடந்தேன். ஒவ்வொரு செடிக்கும் இப்படித்தான். மூன்று நாளாகிறது. மழை நின்றுவிட்டதால் அட்டை பாதிகூட இல்லை. நாலே நாலு ஏறின. இதற்கா பயந்தேன் என்று எரிச்சலாக வருகிறது. நவம்பரிலேயே இரண்டு மாசம் பொறுத்திருந்தால் போதுமாக இருந்திருக்கும். ஆனால் யாரும் சொல்லவில்லை, நானும் யாரையும் கேட்கவில்லை.

இந்தத் தடவை நூறு செடியில் நாற்பத்தாறு வகை. அட்டவணை முழுக்கச் சிவப்பு. இருந்துவிட்டுப் போகட்டும்.

ஜனவரி 21, புதன்

காலை ஏழு இருபது. உள்ளே முப்பத்திரண்டாம் செடியில் ஒட்டிக்கொண்டிருந்தேன். பாதை தெரியவில்லை, பச்சைதான் சுற்றிலும். பெண்களின் சத்தம் தூரத்தில் வந்தது, கிட்டத்தில் வந்தது, நின்றுவிட்டது.

"மேடம்! உள்ள இருக்கீங்களா?"

பேசாமல் இருந்தேன். பறவை கலையும் என்று பழைய நினைப்பு.

"மேடம்! குரல் குடுங்க! குரல் குடுத்தாத்தான் போவோம்!"

"இருக்கேன்க்கா!"

"சரி!"

சத்தம் மறுபடி கிளம்பி மேலே ஏறிப் போனது.

ஜனவரி 23, வெள்ளி

இருபத்திரண்டு. எறும்பு பதினேழு, பறவை மூன்று, தெரியாதது இரண்டு. நகம் பூஜ்யம்.

பிப்ரவரி 2, திங்கள்

சனி சாயங்காலம் ஒட்டி இன்று விடியலில் எடுத்தேன், வேண்டுமென்றே. பத்தொன்பது. எறும்புக்கு ஞாயிறும் வேலை நாள்தான்.

பிப்ரவரி 12, வியாழன்

இன்று பின்லாந்துக்காரர் மேடையில் பேசியிருப்பார். எழுபத்தொன்று என்று அந்த அரங்கில் யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஒரு வேளை சாப்பிடப் பிடிக்கவில்லை. அவ்வளவுதான், ஒரு வேளை.

பிப்ரவரி 20, வெள்ளி

நாலு சுற்று முடிந்தது. 22, 19, 24, 21. ஆறுக்கு இருபத்தொன்றரை. பக்கத்தைத் தாண்டும் குச்சி இல்லை, ஆனாலும் நிற்கும். சாருக்கு அனுப்பினேன். "பேப்பர் இல்லை. அத்தியாயம்தான்" என்றார். பிறகு, "சின்ன அத்தியாயம். ஆனா படுத்தாத் தூக்கம் வரும்" என்றார்.

ஐனோ தரவை அங்கே பதிவேற்றும் முன் ஒரு கட்டத்தை நிரப்பச் சொன்னாள். 'மனிதத் தலையீடு: உண்டு / இல்லை. உண்டு எனில் விவரிக்கவும்.' அவள் தன் அட்டவணையில் 'இல்லை' என்று போட்டிருக்கிறாள். நானும் நவம்பரில் 'இல்லை' என்று போட்டவள்தான்.

இன்று இப்படி எழுதினேன்:

'உண்டு. ஞாயிறு தவிர மற்ற நாட்களில் காலை 7.20-க்கு, ஐம்பது மீட்டர் தூரத்துப் பாதையிலிருந்து சவரியம்மாளும் பத்தொன்பது பெண்களும் ஆய்வாளர் உயிரோடு இருக்கிறாரா என்று கூப்பிட்டுக் கேட்பார்கள். ஆய்வாளர் பதில் குரல் கொடுப்பார். கொடுக்கும் வரை அவர்கள் நகர்வதில்லை.'